சுற்றுகிற சக், நிற்பதுபோல் தெரிகிறதா? டிரில் மெஷினுக்கு ஏற்ற வெளிச்சம்

“களையெடுக்கும் கருவி, பவர் டில்லர் பாகங்களுக்குத் துளை போடுவதற்காக, பழைய பெஞ்ச் டிரில் மெஷின் ஒன்றை வாங்கி ஷெட்டில் வைத்திருக்கிறோம். பகலில்கூட பிட் இறங்கும் இடம் இருட்டாக இருக்கிறது. எல்.இ.டி. விளக்கு மாட்டினால், சக் மெதுவாகச் சுற்றுவதுபோல் தெரிகிறது. எந்த விளக்கு சரியானது? லேசர் மாட்டினால் பயன் உண்டா?”
- வாசகர், கும்மிடிப்பூண்டி வட்டம்.

கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் வளாகங்கள், காக்களூர் சிட்கோ எனத் தொழிற்பேட்டைகள் நிறைந்த திருவள்ளூர் மாவட்டத்தில், வயலும் பட்டறையும் ஒரே வீட்டில் இருப்பது புதிதல்ல. அப்பா நெல்லும் வேர்க்கடலையும் பார்ப்பார்; மகன் ஷிப்ட் வேலைக்குப் போவார். அங்கே கற்ற கைவேலை, விடுமுறை நாளில் வீட்டு ஷெட்டுக்கு வந்துவிடுகிறது. ஒரு துளைக்காக லேத் பட்டறையில் அரை நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால், தொழிற்சாலையில் உள்ள பாதுகாப்பு ஏற்பாடு வீட்டு ஷெட்டுக்கு வருவதில்லை. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில், வேலை செய்யும் இடத்தில் போதுமான வெளிச்சம் இருக்க வேண்டும் என்பதற்கு 17-வது பிரிவும், கண் பாதுகாப்புக்கு 35-வது பிரிவும் தனியாகவே எழுதப்பட்டன. வீட்டு ஷெட்டுக்குள் எந்த ஆய்வாளரும் வந்து விளக்கைப் பார்க்கப்போவதில்லை. மெஷினை ஓட்டுபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விளக்கு, லேசர், லென்ஸ் எல்லாமே துளையைத் துல்லியமாகப் போட உதவும். அதைவிட முக்கியமான வேலை ஒன்று அவற்றுக்கு உண்டு. வெளிச்சம் குறைந்தால் மனிதர் குனிவார். குனிந்தால் முகமும், கழுத்தில் கிடக்கும் துண்டும், பின்னலும் சுற்றுகிற சக்குக்குப் பக்கத்தில் போகும். நிமிர்ந்து நின்றபடியே பிட்டின் நுனி தெளிவாகத் தெரிய வேண்டும். அந்த நிலை வந்துவிட்டால், விளக்கு சரியாக அமைந்துவிட்டது என்று பொருள்.

கேள்வியில் உள்ள மூன்று விஷயங்களில் அவசரமானது, சக் மெதுவாகச் சுற்றுவதுபோல் தெரிவதுதான். அதற்கான பதில் முதலில்.

மெஷின் மெதுவாகவில்லை... கண் ஏமாறுகிறது!

சினிமாவில் வேகமாக ஓடும் வண்டியின் சக்கரம், பின்னோக்கிச் சுற்றுவதுபோல் தெரிவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதே ஏமாற்றம்தான் இதுவும்.

வீட்டுக்கு வரும் மின்சாரம், ஒரு விநாடிக்கு 50 முறை திசை மாறி மாறி வருகிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை உச்சம் தொடுவதால், சாதாரண ட்யூப் லைட்டும் மலிவான எல்.இ.டி. விளக்கும் விநாடிக்கு 100 தடவை பிரகாசமாகி மங்குகின்றன. கண்ணுக்கு அது தொடர்ச்சியான வெளிச்சமாகவே படும். சுற்றுகிற பொருள் எதிரே இருந்தால்தான் குட்டு வெளிப்படும்.

விநாடிக்கு 100 துடிப்பு என்றால் நிமிடத்துக்கு 6,000. சக்கில் மூன்று தாடைகள் இருக்கின்றன. சக் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால், ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே சரியாக மூன்றில் ஒரு பங்கு திரும்பியிருக்கும். ஒரு தாடை இருந்த இடத்தில் அடுத்த தாடை வந்து நிற்கும். கண்ணுக்கு சக் அசையாமல் நிற்பதுபோலவே தோன்றும். 1,000 சுற்றில், மூன்று தாடைக்குப் பதில் ஆறு தாடை நிற்பதுபோல் தெரியும். இரண்டு வரி உள்ள டிரில் பிட், 3,000 சுற்றில் நிற்பதுபோலவும், 1,500 சுற்றில் நான்கு வரியோடு நிற்பதுபோலவும் தோன்றும்.

மோட்டாரும் பெல்ட்டும் இப்படி முழு எண்ணாகச் சுற்றுவதில்லை. சிறிய டிரில் மெஷின்களில் உள்ள நான்கு துருவ மோட்டார், சுமார் 1,440 சுற்று என்ற கணக்கில் ஓடும். பெல்ட்டை எந்தக் கப்பியில் மாட்டுகிறோமோ, அதற்கேற்ப சக்கின் வேகம் 2,000-க்குச் சற்றுக் கீழேயோ, மேலேயோ வரலாம். அப்போது சக் முழுதாக நிற்பதுபோல் தெரியாது. மெல்ல ஊர்வதுபோல் தெரியும். ஸ்விட்சை அணைத்த பிறகு ஓடி ஓய்கிற சக் எப்படி இருக்குமோ, அச்சு அசல் அப்படியே!

பழகிய கை, ஓய்கிற சக்கை உள்ளங்கையால் பிடித்து நிறுத்தப் போகும். சுருண்டு நிற்கும் இரும்புச் சுருளை விரலால் தட்டிவிடப் போகும். விபத்து நடப்பது அந்த நொடியில்தான். எனவே, ஓய்கிற சக்கையும் கையால் பிடிக்கும் பழக்கம் வேண்டாம். சுருளை எடுக்க, மெஷின் நின்ற பிறகு பிரஷ் பயன்படுத்த வேண்டும்.

விளக்கு துடிக்கிறதா என்று கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள்

காசு செலவில்லாத சோதனைகள் இவை. இரவில் செய்தால் தெளிவாகத் தெரியும்.

முதல் சோதனை: சோதிக்க வேண்டிய விளக்கை மட்டும் எரியவிட்டு, வெள்ளை நிறக் குச்சி அல்லது பென்சிலை அதன் வெளிச்சத்தில் விசிறிபோல வேகமாக ஆட்டிப் பாருங்கள். குச்சி ஒரே மங்கலான பட்டையாகத் தெரிந்தால், விளக்கு சீராக எரிகிறது. பல குச்சிகள் விரித்து வைத்ததுபோல் தனித்தனியாகத் தெரிந்தால், விளக்கு துடிக்கிறது.

இரண்டாவது சோதனை: செல்போன் கேமராவைத் திறந்து விளக்குக்குப் பக்கத்தில் காட்டுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் துடிப்பு இருக்கிறது. சில போன்களில் இந்தப் பட்டைகளை மறைக்கும் வசதி இருப்பதால், பட்டை தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. குச்சி சோதனையையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

தொழிற்சாலைகளில், மும்முனை மின்சாரத்தில் பக்கத்துப் பக்கத்து ட்யூப்களை வெவ்வேறு பேஸில் இணைக்கும் பழைய முறை உண்டு. ஒன்று மங்கும்போது மற்றொன்று பிரகாசமாக இருக்கும். ஒருமுனை இணைப்புள்ள வீட்டு ஷெட்டில் அதற்கு வழியில்லை. அதற்காக பம்ப்செட் இணைப்பிலிருந்து ஒயர் இழுக்கவும் கூடாது. இலவச மின்சாரம் தண்ணீர் இறைக்கத் தரப்படுவது. மெஷினையும் விளக்கையும் வீட்டு இணைப்பில் ஓட்டுவதே முறை.

விவசாயி வீட்டிலேயே இருக்கிறது தீர்வு

பேட்டரியிலிருந்து வருவது துடிப்பில்லாத நேர்மின்சாரம். அதில் நேரடியாக எரியும் 12 வோல்ட் எல்.இ.டி. விளக்கு, மின்கம்பியில் வரும் துடிப்பைக் காட்டாது. முதுகில் மாட்டும் பேட்டரி ஸ்பிரேயர் வைத்திருப்பவர்களிடம், பெரும்பாலும் 12 வோல்ட், 8 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இருக்கும். 5 வாட் விளக்கு ஒன்று, மணிக்கு அரை ஆம்பியருக்கும் குறைவாகத்தான் எடுக்கும். பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் பயன்படுத்தினாலும், 8 மணி நேரத்துக்கு மேல் எரியும். டிரில் மெஷினுக்கு இந்த 5 வாட் தாராளம்.

பைக் அலங்காரப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை, வளைய விளக்கு இரண்டுமே இதற்குப் பொருந்தும். பேட்டரியின் ப்ளஸ் முனைக்குப் பக்கத்திலேயே 2 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றைக் கட்டாயம் போட வேண்டும். இரும்புச் சுருள் ஒயரை அறுத்து ஷார்ட் ஆனால், ஃப்யூஸ் இல்லாத பேட்டரி ஒயரையே கொளுத்திவிடும். ஷெட்டில் வைக்கோல் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

பேட்டரி வேண்டாம் என்பவர்கள், 12 வோல்ட் அடாப்டர் வாங்கலாம். செட்டாப் பாக்ஸ், இன்டர்நெட் ரூட்டருக்கு வரும் நல்ல அடாப்டர்கள், சீரான நேர்மின்சாரம் தருபவை. விளக்கு எடுக்கும் ஆம்பியரைவிட, அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியர் கூடுதலாக இருக்க வேண்டும். மாட்டிய பிறகு, குச்சி சோதனையைச் செய்து பார்த்துவிட வேண்டும்.

தையல் மெஷினுக்கு விற்கும், காந்தம் வைத்த வளையும் கழுத்து விளக்கைப் பலரும் டிரில் மெஷினில் ஒட்டுகிறார்கள். வசதியானதுதான். ஆனால், 230 வோல்ட்டில் நேரடியாக எரியும் மலிவான வகைகளில் துடிப்பு அதிகம். சிலவற்றில் உள்ளே இருக்கும் சர்க்யூட், மெயின் மின்சாரத்திலிருந்து பிரிக்கப்பட்டிருக்காது. மூடி உடைந்து உலோகம் வெளியே தெரிந்தால் ஷாக் அடிக்கும். எண்ணெயும் இரும்புத் தூளும் படுகிற இடத்தில், 12 வோல்ட்டோ, யு.எஸ்.பி. வழியாக 5 வோல்ட்டோ எரிகிற வகையே நல்லது.

பேட்டரி விளக்கு மாட்டுபவர்கள் ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். கரன்ட் போனால் மெஷின் நிற்கும். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ‘ஸ்விட்சை அணைத்துவிட்டோம்’ என்ற நினைப்பில் பிட்டைக் கழற்றப் போனால், கரன்ட் வந்ததும் சக் சுற்றத் தொடங்கும். மெஷின் தானாக நின்றால், முதல் வேலையாக ஸ்விட்சை அணைக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் சக் சாவியை எடுக்க வேண்டும். பம்ப்செட் ஸ்டார்ட்டரில், கரன்ட் போய் வந்தால் மறுபடி பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும் அல்லவா... அதுபோன்ற ஸ்விட்சை, மெஷினின் மோட்டாருக்கு ஏற்ற அளவில் எலெக்ட்ரீஷியன் மூலம் போட்டுக்கொண்டால் இந்தப் பயம் இல்லை.

எங்கே மாட்டுவது?

ஷெட்டின் கூரையில் உள்ள ட்யூப் எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும், பிட் இறங்கும் இடத்துக்கு உதவாது. மெஷினின் தலைப்பகுதியே அந்த வெளிச்சத்தை மறைத்துவிடும். மீதியை, எதிரே நிற்பவரின் தலையும் தோளும் மறைத்துவிடும். பகலில் இருட்டாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். எனவே, விளக்கு மெஷினின் தலைக்குக் கீழே வர வேண்டும்.

பெரிய விளக்கும் தேவையில்லை. சிறிய விளக்கு ஒன்றை, ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து அரை மீட்டருக்குக் கொண்டுவந்தால், அதே விளக்கு ஏறக்குறைய ஒன்பது மடங்கு வெளிச்சம் தரும். தூரம் மூன்றில் ஒன்றானால், வெளிச்சம் மூன்றை மூன்றால் பெருக்கிய அளவுக்குக் கூடும் என்பது கணக்கு. வாட்டைக் கூட்டுவதைவிட, விளக்கைப் பக்கத்தில் கொண்டுவருவதே மலிவு.

வலது கையால் மெஷின் கைப்பிடியை இழுப்பவர்களுக்கு, முதல் விளக்கு இடது பக்கத்தில், சற்று முன்னால் இருக்க வேண்டும். வலது பக்கத்தில் வைத்தால் கையின் நிழலே வேலை மேல் விழும். இரண்டாவது விளக்கை வலது பின்புறத்தில், மெஷினின் தூணை ஒட்டி வைக்கலாம். இரண்டும் வேலை செய்பவரின் கண்ணில் நேரடியாகப் படாதபடி, மேலே சிறிய தகடு ஒன்றைத் தொப்பிபோல வளைத்து மாட்டுவது நல்லது.

வளைய விளக்கு மாட்டினால், நாலா பக்கமும் நிழலில்லாமல் வெளிச்சம் விழும். அதை, கைப்பிடியை இழுக்கும்போது மேலும் கீழும் மட்டும் நகர்கிற, சுற்றாத குழாயில்தான் பொருத்த வேண்டும். சுற்றுகிற பாகத்தில் எதையும் ஒட்டக் கூடாது. ஒயர் பெல்ட் பக்கமும் சக் பக்கமும் போகாமல், தூணோடு சேர்த்து டேக் போட்டுக் கட்டிவிட வேண்டும். மேலும் கீழும் நகரும் தூரத்துக்கு மட்டும் சிறிது ஒயரைத் தளர்வாக விட்டால் போதும்.

காந்த விளக்கை மெஷின் மேஜை மேல் ஒட்டக் கூடாது. இரும்புத் தூள் முழுக்க அங்கே போய் மீசைபோல் ஒட்டிக்கொள்ளும். தூணின் மேல் பகுதி அதற்கு ஏற்ற இடம்.

சாக்பீஸும் வெள்ளை அட்டையும்

வெளிச்சம் சரியான பிறகும் கோடு தெரியவில்லை என்றால், குறை பெரும்பாலும் குறியீட்டில் இருக்கும். கறுத்த இரும்புப் பட்டையில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, அதன் மேல் கூர்முனையால் கோடு கீறினால் பளிச்சென்று தெரியும். பளபளக்கும் அலுமினியத்தில், நீல நிற மார்க்கர் பேனாவைப் பூசிவிட்டுக் கீற வேண்டும்.

கீறலையும் பஞ்ச் குழியையும் பார்ப்பதற்கு ஒரு விளக்கைச் சாய்த்து, பக்கவாட்டிலிருந்து அடிக்க வேண்டும். காலை வெயிலில் உழவுச் சால் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் தெரியாது. அதே கதைதான். சாய்ந்த வெளிச்சத்தில் குழியின் ஒரு விளிம்பு நிழலாகி, எடுப்பாகத் தெரியும். பளபளப்பான தகடு கண்ணைக் கூசினால், விளக்கின் மேல் பால் நிற பிளாஸ்டிக் துண்டு ஒன்றைப் பொருத்தினால் கூச்சம் அடங்கும்.

இரண்டு கோடுகள் குறுக்கிடும் இடத்தைக் கண் பிடிக்கவில்லை என்றால், விரல் பிடிக்கும். கூர்மையான பஞ்ச்சைச் சாய்த்துப் பிடித்து, ஒரு கீறலுக்குள் வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே வந்தால், இரண்டாவது கீறல் வரும் இடத்தில் ‘டக்’கென்று தடுக்கும். அங்கேயே நிமிர்த்தி, சுத்தியால் ஒரு தட்டு. பழைய மெஷினிஸ்டுகளின் வழி இது. பஞ்ச் குழியை செல்போனில் படம் எடுத்து, விரலால் பெரிதாக்கிப் பார்த்தால், குழி குறுக்குக் கோட்டின் நடுவில் விழுந்திருக்கிறதா என்பது துல்லியமாகத் தெரிந்துவிடும்.

மெஷினுக்குப் பின்னால், தூணுக்கு அப்பால் வெள்ளை பெயின்ட் அடித்த பலகையை நிறுத்தி வையுங்கள். கறுத்த பிட்டின் நுனி, வெள்ளைப் பின்னணியில் தனியாகத் தெரியும். காகிதமோ, துணியோ தொங்கவிடக் கூடாது; காற்றில் பறந்து சக்கில் சிக்கும்.

லேசர் எவ்வளவு தூரம் உதவும்?

லேசர் என்றால் ஒரு புள்ளி என்று பலர் நினைக்கிறார்கள். டிரில் மெஷினுக்குத் தேவை புள்ளி அல்ல, கோடு. இடது பக்கத்திலிருந்து ஒரு கோடு, வலது பக்கத்திலிருந்து ஒரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் பிட் இறங்க வேண்டும். கோடு போடும் சிறிய லேசர் விளக்குகள், சென்னை ரிச்சி தெரு போன்ற எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருக்களில் கிடைக்கும்.

பொருத்துவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மேஜையில் பிட் தொடும் இடத்தில் கோடுகள் வெட்டினால் மட்டும் போதாது. மேஜையை உயர்த்தினாலோ, உயரமான பொருளை வைத்தாலோ, வெட்டும் இடம் விலகிப்போகும். அதற்கு வழி இதோ... மெஷினை நிறுத்தி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சக்கில் நேரான கம்பி ஒன்றை மாட்டுங்கள். ஒரு லேசரின் கோடு, அந்தக் கம்பியின் நட்டநடுவில் மேலிருந்து கீழ்வரை கோடு போட்டதுபோல் விழும்வரை திருகுங்கள். அடுத்த லேசரையும் அதேபோல் சரிசெய்யுங்கள். இரண்டு கோடும் கம்பியோடு ஒட்டி நின்றால், மேஜை எந்த உயரத்தில் இருந்தாலும் வெட்டும் இடம் மாறாது. மேஜையை ஒருமுறை ஏற்றி, ஒருமுறை இறக்கிச் சரிபார்த்துவிட்டு, திருகாணிகளை இறுக்க வேண்டும்.

லேசர் கோட்டின் அகலமே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இருக்கும். மரத்துக்கும் பி.வி.சி. குழாய்க்கும் அது போதும். சொட்டுநீருக்காகக் குழாயில் வரிசையாகத் துளை போடும்போது, வேலை வேகமாக நடக்கும். ஆனால், இரும்பில் போல்ட் துளை போட லேசரை மட்டும் நம்பக் கூடாது. பஞ்ச் குழி இல்லாத இரும்பில் பிட் வழுக்கும். லேசர், பொருளை ஏறக்குறைய சரியான இடத்துக்குக் கொண்டுவரும். பிட்டைப் பிடித்து நிறுத்துவது பஞ்ச் குழிதான்.

வாங்கும்போது, ‘கிளாஸ் 2’ என்றும் 1 மில்லிவாட்டுக்கு உட்பட்டது என்றும் எழுதியிருக்கும் வகையைப் பார்த்து வாங்க வேண்டும். லேசர் கண் உயரத்துக்குக் கீழே, மேஜையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பளபளக்கும் தகட்டில் பட்டு எதிரொளிக்கும் கதிரையும் உற்றுப் பார்க்கக் கூடாது. குழந்தைகள் விளையாட எடுக்காதபடி, வேலை முடிந்ததும் இணைப்பைக் கழற்றிவிடுவது நல்லது.

“எனக்கு 52 வயது. படிக்கும் கண்ணாடி போட்டால்தான் பஞ்ச் குறி தெரிகிறது. ஆனால், மெஷினுக்கு ரொம்பப் பக்கத்தில் போகவேண்டியிருக்கிறது. தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி வாங்கலாமா?”
- வாசகர், ஊத்துக்கோட்டை.

நாற்பது வயதைத் தாண்டினால், பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரியத் தொடங்கும். வெள்ளெழுத்து என்பது இதுதான். பேப்பர் படிப்பதற்குக் கொடுக்கும் கண்ணாடி, சுமார் 35 முதல் 40 சென்டிமீட்டர் தூரத்துக்கானது. மெஷின் முன்னால் நிமிர்ந்து நின்றால், கண்ணுக்கும் பிட் நுனிக்கும் உள்ள தூரம் அதைவிடக் கூடுதலாக இருக்கும். அதனால்தான், படிக்கும் கண்ணாடி போட்டவர் தன்னை அறியாமல் குனிகிறார்.

தூரப்பார்வை நன்றாக உள்ளவர்களுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 100-ஐ லென்ஸின் பவரால் வகுத்தால், சென்டிமீட்டரில் தூரம் கிடைக்கும். ப்ளஸ் 2 என்றால் 50 சென்டிமீட்டர், ப்ளஸ் 2.5 என்றால் 40. ப்ளஸ் 3 என்றால் 33. இந்தத் தூரத்தைத் தாண்டினால், அந்த லென்ஸில் தெளிவு குறையும். வீட்டில் யாரையாவது டேப் பிடிக்கச் சொல்லி, நிமிர்ந்து நின்ற நிலையில் உங்கள் கண்ணிலிருந்து பிட் நுனிவரை அளந்துகொள்ளுங்கள். கண் பரிசோதனைக்குப் போகும்போது, ‘இத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் வேலை செய்ய வேண்டும்’ என்று சொல்லிக் கண்ணாடி கேளுங்கள். பாலிகார்பனேட் லென்ஸ், பக்கவாட்டு மறைப்போடு வாங்கினால், பார்வைக்கும் பாதுகாப்புக்கும் ஒரே கண்ணாடி போதும். மேல்பாதி தூரத்துக்கும் கீழ்பாதி படிக்கவும் உள்ள கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெஷின் ஓட்டினால், கீழ்பாதி வழியாகப் பார்க்கத் தலையைத் தூக்க வேண்டிவரும், கழுத்து வலிக்கும்.

தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி வாங்கலாம். கோடு போட, பஞ்ச் அடிக்க, பிட்டின் முனை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, கையில் ஏறிய முள்ளை எடுக்க... எல்லாவற்றுக்கும் உதவும். ஆனால், உருவத்தை எவ்வளவு பெரிதாக்குகிறதோ, அவ்வளவு பக்கத்தில் போனால்தான் தெளிவாகத் தெரியும். இது எந்த லென்ஸுக்கும் உள்ள குணம். எனவே, மெஷின் நின்றிருக்கும்போது மட்டுமே பூதக்கண்ணாடி. ஸ்விட்ச் போடுவதற்கு முன் அதைத் தூக்கிவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடியை மாட்ட வேண்டும். பூதக்கண்ணாடி, பாதுகாப்புக் கண்ணாடிக்கு மாற்று அல்ல. பிட் உடைந்து தெறித்தால், சாதாரண கண்ணாடி லென்ஸும் சேர்ந்து உடையும்.

பாதுகாப்புக் கண்ணாடி வாங்கும்போது, ஐ.எஸ். 5983 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். பவர் கண்ணாடி போட்டிருப்பவர்கள், அதன் மேலேயே மாட்டும் பெரிய வகையை வாங்கலாம். கீறல் விழுந்து மங்கிப்போன பாதுகாப்புக் கண்ணாடியை மாற்றிவிட வேண்டும். அது தெரியவில்லை என்று கழற்றி வைத்துவிட்டு வேலை செய்வதுதான் வழக்கமாக நடப்பது.

இன்னொன்று... லென்ஸ் எதையும் ஜன்னலோரத்தில் திறந்து வைக்காதீர்கள். வெயில் அதன் வழியே ஒரே புள்ளியில் குவிந்தால், வைக்கோலும் சாக்கும் பற்றிக்கொள்ளும். பயன்படுத்திய பிறகு துணி உறையில் போட்டு வைப்பது நல்லது.

“துளை போடும்போது இரும்புத் தூள் கண்ணில் விழுந்துவிட்டால் உடனே என்ன செய்ய வேண்டும்? எங்கள் ஊரில் தாய்ப்பால் விடுகிறார்கள். துணி முனையால் எடுக்கிறார்கள்.”
- வாசகி, பெரியபாளையம்.

இரண்டுமே வேண்டாம். கண்ணைக் கசக்காமல், சுத்தமான குடிநீரைச் சில நிமிடங்கள் மெதுவாக ஊற்றிக் கழுவ வேண்டும். மேலோட்டமாகக் கிடக்கும் தூள் அதிலேயே வெளியே வந்துவிடும். கழுவிய பிறகும் உறுத்தல், சிவப்பு, கண்ணீர், கூச்சம், பார்வை மங்கல் இவற்றில் ஏதாவது இருந்தால், அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

கருவிழியில் குத்தி நிற்கும் துகளை ஊசி, தீக்குச்சி, துணி முனை, நாக்கு என எதனாலும் எடுக்க முயலக் கூடாது. கருவிழியில் தங்கிய இரும்பு, ஈரத்தில் துருப்பிடித்து, சுற்றிலும் துருக்கறையை விட்டுவிடும். மருத்துவர் துகளோடு அந்தக் கறையையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு போன்றவற்றால் கிருமி சேர்ந்து, புண்ணாகும் ஆபத்து உண்டு. கையில் கிடைக்கும் பழைய சொட்டு மருந்தையும் விடக் கூடாது.

வேகமாகத் தெறித்த துண்டு, கண்ணுக்குள்ளேயே போய்விடுவதும் உண்டு. அப்போது வலி குறைவாகவே இருக்கலாம். வலி இல்லை என்பதால் ஒன்றுமில்லை என்று இருந்துவிடக் கூடாது. பிட் உடைந்தபோதோ, சுத்தியால் அடித்தபோதோ கண்ணில் ஏதோ பட்ட உணர்வு இருந்தால், கண்ணைக் கழுவவோ அழுத்தவோ செய்யாமல், காகிதக் கப் ஒன்றைக் கண்ணைத் தொடாதபடி மேலே கவிழ்த்து, ஒட்டி மூடிக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சென்னை எழும்பூரில், 1819-ம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம். என்ன வேலை செய்தபோது அடிபட்டது, இரும்பா, கல்லா, மரமா என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ஸ்விட்ச் போடும் முன் பார்க்க வேண்டியவை

* நிமிர்ந்து நின்றபடியே பிட் நுனியும் பஞ்ச் குழியும் தெரிகிறதா? இல்லையென்றால், விளக்கைத்தான் நகர்த்த வேண்டும், தலையை அல்ல.

* விளக்கு, குச்சி சோதனையில் தேறியதா? பெல்ட்டை வேறு கப்பிக்கு மாற்றினால், துடிக்கிற விளக்கில் சக் வேறு விதமாக ஏமாற்றும்.

* சக் சாவி, சக்கிலிருந்து எடுக்கப்பட்டதா?

* பொருள், வைஸிலோ போல்ட்டிலோ இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறதா? சிறிய தகட்டைக் கையால் பிடித்துத் துளை போட்டால், பிட் மறுபக்கம் வெளியேறும் நேரத்தில் தகடு கத்திபோல் சுழலும்.

* துண்டு, துப்பட்டா, புடவைத் தலைப்பு எல்லாம் இழுத்துச் செருகப்பட்டிருக்கின்றனவா? பின்னல் கொண்டையாகக் கட்டப்பட்டிருக்கிறதா? கையுறை கழற்றப்பட்டதா? சுற்றுகிற பிட்டுக்கு முன்னால் கையுறை பாதுகாப்பல்ல; அது சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும்.

* பூதக்கண்ணாடி கழற்றப்பட்டு, பாதுகாப்புக் கண்ணாடி மாட்டப்பட்டிருக்கிறதா? பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள், மெஷினைவிட்டுத் தள்ளி நிற்கிறார்களா?

* மெஷினுக்கு மூன்று முள் பிளக், எர்த் இணைப்பு இருக்கிறதா? வீட்டு இணைப்பில், ஷாக் அடித்தால் தானாக அணையும் 30 மில்லிஆம்பியர் பாதுகாப்பு ஸ்விட்ச் இருக்கிறதா?

இவை அத்தனையும் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. துளை போட்டு முடித்ததும், சக் முழுவதுமாக நின்றுவிட்டதா என்பதைக் கண்ணால் மட்டும் முடிவு செய்ய வேண்டாம். ஸ்விட்சை அணைத்து, சத்தம் அடங்கிய பிறகு கையை நீட்டுங்கள்.